கன்னடம் கொண்டாடும் தமிழ் வீட்டுப் பிள்ளை!

லிங்கராஜபுரம்:

சென்ற வருடம் என் மூத்த பையன் கணக்கில் தவறிவிட்டான். இரண்டு நாள் அவனிடம் நான் பேசவில்லை. முகத்தைப் பார்த்துச் சங்கதியைக் கேட்டறிந்த எதிர் மேஜைக் கன்னட நண்பர், "உங்கள் கைலாசம் எழுதிய 'டொள்ளு கட்டி' தெரியாதா, சார்?" என்றார். "எங்கள் கைலாசமா? அவர் யார்?" என்று கேட்டேன். நண்பர் சிரித்துவிட்டார்.

பெங்களூரில் இத்தனை வருடம் குப்பை கொட்டியும் எனக்குத் தெரியாமல் போன அந்த மனிதரைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

தியாகராஜ பரமசிவ கைலாசம் 1884-ல் பிறந்தவர். வீட்டில் பேசியது தமிழ். தகப்பனார் பரமசிவ ஐயர் மைசூர் சமஸ்தானத்தில் நீதிபதி. மகன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தார். 1908-ல் மண்ணியல் படிக்க லண்டன் போனார். 1915-ல் திரும்பியதும் சமஸ்தானத்தின் மண்ணியல் துறையில் உத்தியோகம் கிடைத்தது. நம்மைப் போன்றவர்கள் பென்ஷன் வரை பிடித்துக்கொண்டிருப்போம். அவரோ நாடகப் பித்தில் உதறிவிட்டு வந்துவிட்டார்!

'நூக்' வாசம்

பிறகு அவர் குடியிருந்தது ஓர் அழுக்கு அறையில். 'மூலை' என்ற பொருளில் அதற்கு 'நூக்' என்று ஆங்கிலத்தில் பெயர் சூட்டினார். விரலிடுக்கில் எப்போதும் சிகரெட். உட்கார்ந்து எழுதும் பொறுமை கிடையாது. அவர் சொல்லச் சொல்ல நண்பர்கள் எழுதிக்கொண்டார்கள். அப்படித்தான் பல நாடகங்கள் நமக்குக் கிடைத்தன.

புராண வேஷமும் பாட்டுமாக இருந்த கன்னட மேடைக்கு நடுத்தர வீட்டுக் கூடத்தைக் கொண்டுவந்தவர் அவர். பாத்திரங்கள் ஆங்கிலம் கலந்த பெங்களூர்க் கன்னடம் பேசின. 'தாளி கட்டோக்கெ கூலினே' என்ற நாடகத்தின் பெயரிலேயே வரதட்சணைக்குச் சூடு இருக்கிறது: தாலி கட்டக் கூலியா? ஊரைச் சிரிக்க வைத்த அதே மனிதர், ஏகலைவனையும் கர்ணனையும் பற்றி ஆங்கிலத்தில் துயர நாடகங்கள் எழுதினார்.

1945-ல் கன்னட சாகித்ய சம்மேளனம் சென்னையில் கூடியது. தமிழ் மண்ணில் நடந்த கன்னட மாநாட்டுக்குத் தலைவர், தமிழ் வீட்டுப் பிள்ளையான கைலாசம்! மறு வருடமே காலமானார். "கன்னடக்கொப்பனே கைலாசம்", அதாவது கன்னடத்துக்கு ஒரே ஒரு கைலாசம்தான் என்று இன்றும் சொல்கிறார்கள்.

மொழியின் பேரால் கல் விழுந்த நாட்களையும் நாம் இதே ஊரில் பார்த்திருக்கிறோம். அப்போதும் அவரை அந்நியர் என்று யாரும் சொன்னதாக நான் கேட்டதில்லை.

டொள்ளு எது, கட்டி எது?

'டொள்ளு' என்றால் உள்ளே ஒன்றுமில்லாத பொள்ளல். 'கட்டி' நம்முடைய 'கெட்டி'தான். பாடத்தை நெட்டுருப் போட்டுப் பாஸ் செய்யும் அண்ணன். பரீட்சையில் தவறும் தம்பி. வீட்டுக்கு ஆபத்து வந்தபோது கைகொடுத்தவன் தம்பிதான்.

நண்பர் இந்தக் கதையைச் சொன்ன அன்று மாலை வீடு திரும்பினேன். பையன் பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் குழாயடியிலிருந்து குடம் சுமந்துகொண்டிருந்தான். இரண்டு நாள் கழித்து அவனிடம் முதலில் பேசியது நான்தான்: "சாப்பிட்டாயா, அப்பா?"