ராணுவ லாரிக்கு நாடி பார்ப்பது எப்படி?

பெங்களூர் ஜோகுபாளையத்தை அடுத்த அல்சூரில் 515-வது ராணுவ ஒர்க்ஷாப் இருக்கிறது. ராணுவத் தளவாடங்களைப் பழுது பார்க்கும் இடம் அது.

ராணுவ லாரி என்றாலே 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பாட்டரிகளைத் தொடராக இணைத்திருப்பார்கள். பழைய லாரியில் விளக்கு எரியவில்லையா? டெஸ்ட் லாம்ப்பை வயரில் வைத்தால் பழுது தெரிந்துவிடும்.

புது லாரியில் கதையே வேறு! எஞ்சின், பிரேக், டாஷ்போர்டு ஆகியவற்றின் எலெக்ட்ரானிக் பெட்டிகள், முறுக்கிய இரண்டே வயர்கள் வழியாகப் பேசிக்கொள்கின்றன. ஜெர்மனியின் பாஷ் கம்பெனி 1986-ல் அறிமுகப்படுத்திய இந்த முறைக்கு 'கேன் பஸ்' என்று பெயர். (சிவாஜி நகர் போகிற பஸ் அல்ல!) இதில் டெஸ்ட் லாம்ப் வைப்பது ஆபத்து. விலை உயர்ந்த பெட்டி கருகிவிடக்கூடும்.

பிறகு என்ன வழி? பாட்டரியைக் கழற்றிவிட்டு, இரு வயர்களுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைக்க வேண்டும். லைனின் இரு கோடியிலும் 120 ஓம் ரெசிஸ்டர் உண்டு. இரண்டும் பக்கத்துப் பக்கமாகச் சேர்ந்து, மீட்டரில் 60 காட்டினால் லைன் நலம். 120 காட்டினால் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது ஒரு ரெசிஸ்டர் போய்விட்டது. பூஜ்யத்தை ஒட்டி நின்றால் வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன என்று பொருள்.

60 இருந்தும் வண்டி மக்கர் செய்கிறதா? பெட்டி மீது பழி போடுமுன் எர்த் வயரைப் பார்க்க வேண்டும். சேற்றிலும் ஆற்றிலும் இறங்குகிற வண்டி. எர்த் போல்ட் துருப்பிடித்தால், சம்பந்தமில்லாத பல எச்சரிக்கை விளக்குகள் ஒன்றாக எரியும். பெட்டியை மாற்றினாலும் அவை அணையாது!

குறுகிய மலைப்பாதையில் ஒரு லாரி நின்றால் பின்னால் வருகிற வரிசையும் நிற்கும். புதுப் பெட்டி அங்கே வந்து சேர நாளாகும். அதுவரை மெக்கானிக்குக்குத் துணை, ஒரு மீட்டரும் ஒரு துண்டு உப்புத்தாளும்தான்.