பணி நிரவல்: 61-வது பிள்ளை

2021 கடைசியில், கேளம்பாக்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டு டீச்சருக்கு மாறுதல் வரலாம்னு பேச்சு. 'ஸ்கூலே இப்பதான் திறந்திருக்கு, அதுக்குள்ள டீச்சர் எப்படி அதிகமானாங்க?' கொஞ்சம் தோண்டிப் பார்த்தேன்.

கல்வித் தொலைக்காட்சியில் ஒருவர் பாடம் எடுத்தால் மாநிலமே பார்க்கலாம். நேரடி வகுப்பு அப்படியில்லை, அறைக்கு ஒரு ஆள் வேணும். செப்டம்பர் 1-ல் 9 முதல் 12 வரை திறந்தபோது அறைக்கு 20 பேர்தான் என்றார்கள். 40 பேர் வகுப்பு இரண்டாகப் பிரியும். ஆசிரியர் பிரிய மாட்டார்.

பணி நிரவலோ அறையை எண்ணுவதில்லை, தலையை எண்ணுகிறது. ஆகஸ்ட் 1 நிலவரப்படி எத்தனை பிள்ளைகள் என்று பார்த்து, 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பொருத்துவார்கள். தொடக்கப் பள்ளியில் 60 பேர் வரை 2 ஆசிரியர். 61 முதல் 90 வரை 3. (நம்ம ஆட்களுக்குச் சொன்னால், சீலிங் ஃபங்ஷன் மாதிரி.) ஒரே ஒரு பிள்ளை டி.சி. வாங்கிப் போனால் மூன்றாமவர் 'உபரி'. ஐந்து வகுப்பும் மீதி ரெண்டு பேர் தலையில்.

சிக்கல் தேதியில்தான். 1 முதல் 8 வரை திறந்தது நவம்பர் 1-ல். ஆகஸ்டில் எண்ணியது பதிவேட்டில் இருந்த பெயர்களை. ஓ.எம்.ஆர். பக்கம் கட்டட வேலைக்கு வந்த குடும்பங்களில் யார் ஊரோடு போய்விட்டார்கள், யார் திரும்பினார்கள் என்பது கதவு திறந்த பிறகுதானே தெரியும்?

எமிஸில் வருகைப் பதிவு தினமும் ஏறுகிறது. டிசம்பர்வரை அதைப் பார்த்துவிட்டு ஆளை நகர்த்தியிருக்கலாம் என்பது என் கட்சி.