திரையில் எழும் கடற்புயல்

1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைப் பட்டறிந்த கல்லடி மக்களுக்குத் திரைப்படப் புயல் பெரும்பாலும் பொய்யாகவே தோன்றும். காரணம் நீர்த்துளியே. தொட்டியில் மாதிரிக் கப்பலை மிதக்கவிட்டுப் படம்பிடிக்குங்கால் கப்பலைச் சிறிதாக்கலாம். துளியைச் சிறிதாக்க இயலாது. பதினாறில் ஒரு பங்கு அளவான மாதிரியை நான்கு மடங்கு விரைவிற் படம்பிடித்து இயல்பு விரைவிற் காட்டின், அலை கனத்துடன் அசையும் (விரைவு அளவின் வர்க்கமூலத்தைத் தழுவியது). ஆயினும் பருத்த துளிகள் பொய்மையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

2000இல் வெளிவந்த 'த பெர்ஃபெக்ட் ஸ்டோர்ம்' படத்திற் பேரலைகள் கணினியில் ஆக்கப்பட்டன. சிதறல் எண்ணிறந்த துகள்களாகக் கணிக்கப்பட்டது. அலையுருவினும் இதுவே அரிது. முழுவன்மைச் சூறாவளியிலோ காற்று அலைமுடியைக் கொய்தெறிய, வானும் கடலும் ஒரே வெண்புகையாகும். அதனை உள்ளவாறே காட்டின் அலையே தெரியாது. அலையைக் காட்ட விழையும் கலைஞர் அவ்வெண்புகையைக் குறைக்கவே நேரும்.