2531இல் ஜப்பானியர் எல்லாருக்கும் ஒரே குடும்பப் பெயரா?

ஜப்பானில் 100 பேர் இருக்கும் அறையில் "சாட்டோ!" என்று கூப்பிட்டால் ஒருவரோ இருவரோ திரும்பிப் பார்க்கலாம்.

அதையே 2531ஆம் ஆண்டில் செய்தால்? அறையில் இருக்கும் எல்லாருமே திரும்புவார்கள்!

2024இல் வெளியான ஒரு கணிப்பு அப்படித்தான் சொன்னது. கணக்குப் போட்டவர் தொஹோக்கு பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் ஹிரோஷி யோஷிடா.

கேட்கச் சிரிப்பு வரும். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு நிஜமான கேள்வி இருக்கிறது: ஒரு குடும்பப் பெயர் பெருகுவதையும் மறைவதையும் தீர்மானிப்பது எது?

*2531 எப்படி வந்தது?*

ஜப்பானில் ஆக அதிகமானோருக்கு இருக்கும் குடும்பப் பெயர் சாட்டோ. 2023இல் மக்கள்தொகையில் சுமார் 1.5 விழுக்காட்டினருக்கு அந்தப் பெயர். முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டால் அந்தப் பங்கு 1.0083 மடங்கு கூடியிருந்தது.

ரொம்பச் சின்ன எண்தான். ஆனால் கூட்டுவட்டி மாதிரி சேர்ந்துகொண்டே போனால் சுமார் 84 ஆண்டுக்கு ஒருமுறை பங்கு இரட்டிப்பாகும். 1.5 விழுக்காடு 3 ஆகும், பிறகு 6, 12, 24, 48, 96. ஆறே தாவலில் கிட்டத்தட்ட நாடு முழுக்க சாட்டோ!

ஓராண்டின் வேகம் 500 ஆண்டுக்கு அப்படியே நீடித்தால் மட்டுமே அது நடக்கும். இப்படியே விட்டால் எங்கே போய் நிற்கும் என்று காட்டுவதற்கான கணக்கு அது.

*மற்ற பெயர்கள் எங்கே போகும்?*

ஜப்பானில் திருமணமான தம்பதிக்கு ஒரே குடும்பப் பெயர்தான் இருக்கவேண்டும் என்பது சட்டம். யாருடைய பெயர் என்பதை அவர்களே முடிவு செய்யலாம். நடைமுறையில் சுமார் 95 விழுக்காட்டுத் தம்பதிகளில் மனைவிதான் பெயரை மாற்றிக்கொள்கிறார்.

ஆக ஒவ்வொரு திருமணத்திலும் ஒருவருடைய பெயர் விடுபடுகிறது. அரிய பெயர் கொண்ட குடும்பத்தில் மகள்கள் மட்டும் இருந்தால், அந்தப் பெயர் அதோடு முடிந்துபோகலாம்.

1873இல் பிரிட்டிஷ் அறிஞர் ஃபிரான்சிஸ் கால்ட்டன் இதையே ஒரு கணிதப் புதிராக முன்வைத்தார். சிலருக்குப் பிள்ளை இல்லை, சிலருக்கு மகன் இல்லை. பெயர் மகன் வழியாக மட்டும் போனால் என்ன ஆகும்? ஹென்றி வாட்சன் அதற்குக் கணக்குப் போட்டார். ஒரு பெயர் அழிய யாரும் தப்பு செய்யவேண்டியதில்லை, தற்செயலே போதும் என்பது அதில் தெரிந்தது. ஒருமுறை அழிந்தால் தானாகத் திரும்பி வராது. இரண்டே வீட்டில் இருக்கும் பெயருக்கு ஆபத்து அதிகம். இருபதாயிரம் வீட்டில் இருக்கும் பெயர் தப்பித்துக்கொள்ளும்.

தென்கொரியாவில் 2015 கணக்கெடுப்புப்படி ஐந்தில் ஒருவருக்கு மேல் 'கிம்'. தற்செயல் மட்டும் அதற்குக் காரணமில்லை. முன்பு குடும்பப் பெயரே இல்லாத சாமானியர்கள் பலர், பின்னர் மதிப்பு மிக்க பெயர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள்.

*சிங்கப்பூரில்?*

இங்குள்ள சீனர்களிடையே ஆகப் பரவலானவை டான், லிம், லீ. ஆனால் எண்ணுவதில் ஒரு சிக்கல். ஹொக்கியன், தியோச்சூ மொழிகளில் 'டான்'. அதே எழுத்து கேண்டனீசில் 'சான்', மாண்டரினில் 'சென்'. ஒரே பெயரா, மூன்று பெயரா? நாம் எப்படி எண்ணுகிறோம் என்பதைப் பொறுத்து எண்ணிக்கை மாறும்.

*சரி, நம்ம பேர்?*

தமிழர்களிடையே பெரும்பாலும் குடும்பப் பெயரே கிடையாது. அப்பா பெயர்தான் முன்னெழுத்தாக வரும். சிங்கப்பூரில் 'எஸ்/ஓ', 'டி/ஓ', மலேசியாவில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்று அது அடையாள அட்டையில் நிற்கும்.

முத்துவின் மகன் முருகன், முருகனின் மகள் கவிதா. கவிதாவின் பெயரில் முத்து இல்லை. தலைமுறைக்குத் தலைமுறை புதிதாகத் தொடங்குவதால் எந்தப் பெயரும் சாட்டோ மாதிரிக் குவிய வழியில்லை.

தலைமுறை தாண்டி வந்த பெயர்களும் நம்மிடம் இருந்தன. அவை சாதிப் பட்டங்கள். 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் அவற்றைக் கைவிட அழைப்பு விடுக்கப்பட்டது. அதன் பிறகு தமிழ்நாட்டில் பலர் அவற்றை விட்டுவிட்டார்கள். அது தற்செயலாக நடந்த மாற்றமல்ல, மக்கள் எடுத்த முடிவு.

இப்போது வெளிநாட்டு விண்ணப்பப் படிவங்கள் 'குடும்பப் பெயர்' கேட்கின்றன. அதனால் சிலர் தாத்தா பெயரையே நிரந்தரக் குடும்பப் பெயராக வைத்துக்கொள்கிறார்கள். வசதிதான். ஆனால் அன்றிலிருந்து கால்ட்டனின் கணக்கு நமக்கும் பொருந்தும். அந்தப் பெயர் மகன் வழியாக மட்டும் போகுமா, மகளின் பிள்ளைக்கும் போகுமா என்பதைக் குடும்பத்தில் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

விதி மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் யோஷிடாவிடம் கணக்கு உண்டு. ஜப்பானியத் தம்பதிகள் விரும்பினால் தனித்தனிப் பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்தால், 2531இல் சாட்டோக்களின் பங்கு சுமார் 8 விழுக்காடுதான் இருக்கும்.