எஃகுக்குக் கொடுக்கும் விலை

அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடப் பழகுவோர் விரும்பும் .22 ரிவால்வர், அதாவது ஏறத்தாழ 5.6 மி.மீ. குழல்விட்டமும் தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் உருளையும் உடைய கைத்துப்பாக்கி, விலையில் பெரிதும் வேறுபடுவதற்கு உலோகம் ஒரு முக்கியக் காரணம். ஹெரிடேஜ் நிறுவனத்தின் மலிவான ‘ரஃப் ரைடர்’ துத்தநாகக் கலப்புலோகத்தில் வார்த்த சட்டகம் கொண்டது. 1953இல் அறிமுகமான ரூகர் நிறுவனத்தின் ‘சிங்கிள் சிக்ஸ்’ எஃகுச் சட்டகம் உடையதாதலால் நெடுங்காலத் தேய்மானத்தை நன்கு தாங்குகிறது.

அதைவிடக் கருதத்தக்கது பாதுகாப்பு: 1973இல் ரூகர் புகுத்திய இடைத்தண்டு, விசையை இழுத்தாலன்றிச் சுத்தியலின் அடி ஊசியைச் சேராதபடி தடுப்பதால், துப்பாக்கி தவறி விழுந்தாலும் வெடிக்கும் வாய்ப்பு குறைகிறது; ரஃப் ரைடரிலோ கையால் திருப்பும் தடுப்பையே பெரிதும் நம்பவேண்டியிருப்பதால், மறதிக்காரருக்கு அது ஏற்றதன்று. எப்போதேனும் தகரக் குவளைகளைச் சுடுபவருக்கு மலிவானது போதும்; ரூகரும் 2019இல் அலுமினியக் கலப்புலோகச் சட்டகத்துடன் ‘ராங்லர்’ என்னும் மலிவு வகையை வெளியிட்டது.