உயிரணு உதிர்வும் கலைச்சொல் தேர்வும்: மூளைப் புற்று ஆய்வுகளை முன்வைத்து

1. முன்னுரை

பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மருத்துவ நிறுவனமும் இந்திய அறிவியல் கழகமும் கிளையோமா எனப்படும் மூளைக் கட்டி குறித்த ஆய்வுகளைக் கூட்டாக நடத்தி வந்துள்ளன. நிம்ஹான்சுக்குத் தமிழகத்திலிருந்தும் நோயாளிகள் செல்கின்றனர். ஆதலின், புற்றணுக்கள் மடியும் விதத்தைத் தமிழில் பிழையின்றி உரைப்பது ஏட்டளவில் நிற்கும் தேவையன்று. இறப்பைக் குறிக்கும் சொற்களை வரையறுக்காவிடின் ஆய்வு முடிவே திரிந்துவிடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

2. சொல்லின் பிறப்பு

'அப்போப்டோசிஸ்' என்னும் சொல்லைக் கெர், வைல்லி, கரி ஆகிய மூவரும் 1972ஆம் ஆண்டில் அறிமுகப்படுத்தினர். அபர்டீன் பல்கலைக்கழகக் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் பரிந்துரைத்த அச்சொல், மரத்தினின்று இலையும் மலரினின்று இதழும் உதிர்தலைக் குறிப்பது. தமிழில் இதற்கு 'உயிரணு உதிர்வு' நேராகப் பொருந்தும். 'வீ' என்னும் பழஞ்சொல் உதிரும் மலரையும், 'வீதல்' என்னும் வினை இறத்தலையும் உணர்த்துவது ஈண்டு நினையத்தக்கது. எனினும் ஓரெழுத்துச் சொல் புதிய தொடர்களில் தெளிவாக நில்லாது.

'உயிரணுத் தற்கொலை' என்பது அணுவுக்கு விருப்பத்தை ஏற்றிக் கூறுகிறது. 'திட்டமிட்ட இறப்பு' என்பதோ 1960களின் நடுவில் லாக்‌ஷின், வில்லியம்ஸ் ஆகியோர் பூச்சியினத்தில் கண்டதற்கு இட்ட வேறொரு பெயரின் ஆக்கம். உதிர்வு அதன் ஒரு வகையே. 2005ஆம் ஆண்டில் பெயரிடப்பட்ட நெக்ரோப்டோசிஸ் மற்றொரு வகை. இரண்டுக்கும் பொதுவான பெயரை ஒன்றற்கே உரியதாக்குதல் வகைமயக்கமாகும்.

3. சோதனைகள் காட்டுவன

உதிரும் அணு சுருங்கும். அதன் உட்கரு சிதறும். உறை கிழியாமல் சிறு பொதிகளாகப் பிரியும். நசிவில் அணு வீங்கி, உறை கிழிந்து, உள்ளடக்கம் வெளியே சிந்தும். இவ்வேறுபாட்டை அறியப் பல சோதனைகள் உள்ளன.

(அ) எம்.டி.டி. சோதனையில் மஞ்சள் நிற உப்பை அணுவின் நொதிகள் ஊதாவாக மாற்றுகின்றன. அது அளப்பது வளர்சிதை இயக்கத்தையே, இறப்பை அன்று.

(ஆ) அணுவுறையின் உட்புறத்திலிருக்கும் பாஸ்பாடிடைல்செரின் உதிர்வின் தொடக்கத்தில் வெளிப்புறம் வரும். அனெக்சின் அதனைப் பற்றும். புரோபிடியம் அயோடைடு உறை சிதைந்த அணுவினுள் மட்டுமே புகும். அனெக்சின் மட்டும் பற்றினால் தொடக்கநிலை உதிர்வு. இரண்டும் பற்றினால் அது முற்றிய உதிர்வாகவோ நசிவாகவோ இருக்கலாம்.

(இ) 1992ஆம் ஆண்டில் வெளிவந்த டியூனல் முறை, டி.என்.ஏ. முறிந்த முனைகளுக்கு நிறமேற்றுகிறது. நசிந்த அணுவும் சில வேளை நிறமேற்கும். எனவே காஸ்பேஸ்-3 நொதி செயலூக்கம் பெற்றதா என்பதும் உடன் நோக்கப்படுகிறது.

4. பெயர்ப்பில் நேரும் திரிபு

எம்.டி.டி. அளவு குறைந்ததைப் 'புற்றணுக்கள் அழிந்தன' எனப் பெயர்த்தால் மூலம் கூறாத செய்தி நுழைகிறது. அணுக்கள் பெருகாமல் நின்றிருப்பினும் அவ்வளவு குறையும். மருந்தை எதிர்நோக்கும் குடும்பத்தாருக்கு இவ்வேறுபாடு சிறிதன்று.

இதனினும் நுட்பமானது 'இறந்த அணுக்கள் காணப்பட்டன' என்னும் தொடர். வளர்ப்புத் தட்டில் மருந்திட்டபின் காணும் உதிர்வு மருந்தின் பயனைச் சுட்டலாம். நோயாளியின் கட்டித் திசுவில் காணும் நசிவோ கிளையோபிளாஸ்டோமா என்னும் கொடிய வகையின் அடையாளங்களுள் ஒன்று. ஒரே தமிழ்த் தொடர் ஓரிடத்தில் நம்பிக்கையையும் மற்றோரிடத்தில் எச்சரிக்கையையும் தாங்கி நிற்கிறது.

5. முடிவுரை

பொதுப்பெயராக 'நெறிப்பட்ட உயிரணு இறப்பு', அதன் வகையாக 'உயிரணு உதிர்வு', உறை கிழிந்த இறப்புக்கு 'நசிவு', எம்.டி.டி. காட்டுவதற்கு 'இயக்கக் குறைவு' என நான்கையும் பிரித்தாளுதல் தகும். சோதனையின் பெயரை விடாது குறிப்பதும் இன்றியமையாதது. எந்தச் சோதனை என்பது தெரிந்தாலன்றி, எந்த இறப்பு என்பதை மொழிபெயர்ப்பாளர் துணிய இயலாது.