பைன் கன்றுகளைக் கருக்கிய கந்தகப் புகை

பெரிய மரம் பச்சையாக நிற்கிறது என்பதால் காற்று சுத்தம் என்று சொல்லிவிட முடியாது. அதன் அடியில் கன்று தழைக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கனடாவின் டிரெய்ல் ஊரில் நடந்த கதை இதற்கு நல்ல சாட்சி.

கொலம்பியா ஆற்றங்கரையில் இருந்த அந்த ஊர் ஆலையில் ஈயம், துத்தநாகக் கனிமங்களை உருக்கினார்கள். 1920-களில் 409 அடி உயரப் புகைபோக்கிகள் எழும்பின. கனிமத்தில் இருந்த கந்தகம் புகையோடு கலந்து, ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக எல்லை தாண்டி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில விவசாயிகளின் நிலங்களில் இறங்கியது. பயிர்கள் கருகின. பைன் போன்ற ஊசியிலை மரங்களும் தப்பவில்லை.

கன்றுக்கு ஏன் அதிக ஆபத்து?

கந்தக டை ஆக்சைடு வாயு இலைத்துளை வழியாக உள்ளே போய், ஈரத்தில் கரைந்து அமிலமாகிறது. பச்சையம் அழிகிறது. ஊசியிலையின் நுனி செம்பழுப்பாக மாறுகிறது. தேக்கு ஆண்டுதோறும் இலையை உதிர்த்துப் புது இலை விடும். பைன் மரமோ ஒரே இலையைச் சில ஆண்டுகள் வைத்திருக்கும். அதனால் இழப்பை ஈடுகட்ட நாளாகும்.

பெரிய மரத்துக்குச் சேமிப்பு உண்டு. கன்றுக்கு இருப்பதோ கொஞ்சம் இலைகள்தான். அவையும் கருகினால், வேருக்குப் போகும் உணவு குறைகிறது. வெளிப்பார்வைக்குக் கன்று சற்றுக் குட்டையாகத்தான் தெரியும். வேர் ஆழமாக இறங்காததால், கோடை வந்ததும் காய்ந்துவிடும். கன்றுகள் இப்படிப் போனால் அடுத்த தலைமுறைக் காடு இல்லை.

புகை உரமானது

வழக்கு இரு நாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனது. 1938-ல் 78,000 டாலர் இழப்பீடு கிடைத்தது. 1941 இறுதித் தீர்ப்பு, புகையை வெளிவிட வரம்பு வைத்தது. ஆலையும் கந்தகத்தைப் பிடித்து, கந்தக அமிலமாகவும் அமோனியம் சல்பேட் உரமாகவும் மாற்றியது.

நம் விவசாயிகள் கவனத்துக்கு

* செங்கல் சூளைப் புகை படும் மாந்தோப்பில் காயின் நுனி கறுத்துப்போவது உண்டு. நாற்றங்காலைச் சூளையிலிருந்து தள்ளி, காற்று புகையைக் கொண்டுவராத பக்கம் அமையுங்கள்.

* இலை கருகினால் உடனே மருந்து அடிக்க வேண்டாம். நோய் பெரும்பாலும் ஒருவகைச் செடியில் தொடங்கிப் பரவும். புகை என்றால் பலவகைச் செடிகள் ஒரே சமயத்தில் கருகும்; புகை வரும் பக்கம் பாதிப்பு அதிகமாக இருக்கும்.

* கருகிய தேதி, காற்றடித்த திசை இரண்டையும் குறித்துவையுங்கள், படமும் எடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் மனு கொடுக்கும்போது இவையே உங்களுக்குச் சாட்சி.